ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை: வாடகை இ-பைக் கேள்வி–பதில்

மெட்ரோ வாசலில் வரிசையாக நிற்கும் வாடகை இ-பைக்குகள், ஆபீஸில் பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓட்டும் இ-சைக்கிள்கள் இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா வந்து, அங்கிருந்து மெட்ரோவில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறேன். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் 3 கிலோமீட்டர். தினமும் ஆட்டோ கட்டுப்படியாகவில்லை. யூலு மாதிரி வாடகை இ-பைக் எடுத்தால் சரிப்பட்டு வருமா?
— வாசகர், ஓசூர்

3 கிலோமீட்டர் என்பது இந்த வண்டிக்கென்றே அளந்து வைத்த தூரம். நடந்தால் 35 முதல் 40 நிமிடம் ஆகும். இ-பைக்கின் உச்ச வேகம் 25 என்றாலும், சிக்னல், வேகத்தடை, பள்ளம் எல்லாம் சேர்த்துச் சராசரி 15 கிலோமீட்டர்தான் வரும். அதாவது 12 நிமிடம். 5 கிலோமீட்டருக்கு மேல் போனால் பஸ்ஸே மலிவு. 1 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் வண்டி தேடும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வண்டி எங்கே கிடைக்கிறது என்பதை அல்ல, எங்கே விடலாம் என்பதை. ஆப்பின் வரைபடத்தில் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிங் மண்டலம் இருக்கிறதா என்று பாருங்கள். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த நடையையும் கணக்கில் சேருங்கள். மண்டலத்துக்கு வெளியே விட்டால் கூடுதல் கட்டணம் விழும், அல்லது பயணம் முடியவே முடியாது.

காசுக் கணக்கு எளிது. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். அன்றைக்கு ஆப் காட்டுவதுதான் கணக்கு. உதாரணத்துக்கு வண்டியைத் திறக்க 5 ரூபாய், நிமிடத்துக்கு 1.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12 நிமிடத்துக்கு 23 ரூபாய். மாதம் 22 வேலை நாள், போக வர என்றால் 1,012 ரூபாய். இந்தத் தொகையை மாத பாஸோடு ஒப்பிடுங்கள். ஆனால் பாஸ் வாங்குமுன் ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் வண்டியே மிஞ்சாமல் போகிற இடங்கள் உண்டு. காலையில் எல்லோரும் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் பக்கம் எடுத்துப் போகிறார்கள், மாலையில்தான் அவை திரும்பி வருகின்றன. இடையில் கம்பெனி ஆட்கள் வேனில் ஏற்றி வந்து வைத்தால்தான் உண்டு. அரைமணி முன்னதாக வரும் மெட்ரோவில் ஏறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஓசூர் ரோட்டில் மேம்பாலத்தின் மேலே ஏறாதீர்கள். 25 கிலோமீட்டர் வண்டியோடு 80-ல் வரும் கார்களுக்கு நடுவே போவது தேவையற்ற வம்பு. சர்வீஸ் ரோடு போதும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்கிறார்கள். போலீஸ் பிடித்தால்?
— வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 2(யு) விதியைப் பாருங்கள். மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. ஆகவே லைசென்ஸ், பதிவு எண், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எதுவும் கட்டாயம் இல்லை. தெருவில் நிற்கும் வாடகை வண்டிகளில் நம்பர் பிளேட் இல்லாதது இதனால்தான்.

அதற்காகச் சாலை விதியே இல்லை என்று அர்த்தமாகாது. எதிர்த் திசையில் வருவது, நடைபாதையில் ஏறுவது, சிக்னல் தாண்டுவது எல்லாம் குற்றம்தான். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு பொதுச் சாலையில் ‘எந்த வாகனத்தையும்’ அஜாக்கிரதையாக ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் வாகனமா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று. சொந்தமாக வாங்கிய இ-சைக்கிளுக்கு “ஸ்பீடு லாக்கை எடுத்துத் தர்றேன் சார், 45 போகும்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் உண்டு. எடுத்த நிமிடமே விதிவிலக்கு போய்விடும். லைசென்ஸும் பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுபவராகிவிடுவீர்கள்.

வண்டியை எடுக்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்? அவசரத்தில் ஸ்கேன் பண்ணிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.
— வாசகர், இந்திராநகர், பெங்களூரு

ஸ்கேன் பண்ணினால் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். அதனால் பார்க்க வேண்டியதை ஸ்கேனுக்கு முன்னால் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இரண்டு பிரேக்கையும் தனித்தனியே அழுத்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் வேறு வண்டி பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது சப்பென்று உள்ளே போனால் காற்று இல்லை. அந்த வண்டி பேட்டரியையும் சீக்கிரம் தின்னும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால் நட்டு தளர்ந்திருக்கிறது. தெருவில் கீழே விழுந்து தூக்கி நிறுத்திய வண்டிகளில் இது அடிக்கடி இருக்கும்.

ஸ்கேன் பண்ணிய பிறகு ஒரே ஒரு சோதனை. ஏறி உட்காருமுன், பிரேக்கைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கி விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மண்ணும் மழைநீரும் புகுந்த ஆக்ஸிலேட்டர் பாதியில் நின்றுவிடும். நின்றால், பிரேக்கை விட்ட உடனே வண்டி தானாகப் பாயும். அப்படிப்பட்ட வண்டியில் உடனே பயணத்தை முடித்து, ஆப்பில் ‘பழுது’ என்று பதிவு செய்யுங்கள். எடுத்து ஓரிரு நிமிடத்துக்குள் பழுது சொன்னால் பணம் திரும்பக் கேட்க வசதியாக இருக்கும்.

கீறல், உடைந்த மட்கார்டு இருந்தால் ஒரு போட்டோ. விட்ட இடத்தில் இன்னொரு போட்டோ, பின்னணியில் கடை போர்டோ தெருப் பெயர்ப் பலகையோ தெரியும்படி. பிறகு அபராதம் என்று மெசேஜ் வந்தால் இந்த இரண்டு படங்கள்தான் பேசும்.

சரியான இடத்தில் விட்ட பிறகும் “நீங்கள் பார்க்கிங் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்” என்றே காட்டுகிறது. நிமிடம் ஏறிக்கொண்டே போகிறது.
— வாசகி, எம்.ஜி. ரோடு, பெங்களூரு

நீங்கள் சொல்வது மெட்ரோ பாலத்துக்குக் கீழே உள்ள இடம். ஜிபிஎஸ்ஸுக்கு வானம் திறந்து தெரிய வேண்டும். மேலே கான்கிரீட் பாலம், இருபுறமும் கண்ணாடிக் கட்டடம் என்றால் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, உங்களை 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டும். போனை அசைப்பதால் ஒன்றும் ஆகாது. வண்டியோடு பாலத்தின் நிழலை விட்டு வெளியே வந்து, அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு முடிக்க முயலுங்கள். ப்ளூடூத், லொகேஷன் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு முறையில் இருக்கும் போன் லொகேஷனைத் துல்லியமாக எடுக்காது, அதை அணைத்துவிடுங்கள்.

‘பயணம் முடிந்தது’ என்ற திரையும் கட்டணத் தொகையும் வரும்வரை வண்டியை விட்டு நகர வேண்டாம். பூட்டு கிளிக் என்றதும் லிஃப்டுக்கு ஓடுபவர்கள்தான் சாயங்காலம் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள். மேலே சொன்ன உதாரணக் கட்டணத்திலேயே, 12 நிமிடப் பயணம் 40 நிமிடம் கூடுதலாக ஓடினால் 23 ரூபாய் 83 ஆகிவிடும். ‘பாஸ்’ (Pause) என்று தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானும் ‘முடி’ பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கட்டை விரலுக்கு இரண்டும் ஒன்றுதான், பில்லுக்கு அல்ல.

பேட்டரி 40 சதவீதம் காட்டிய வண்டி ஏற்றத்தில் அப்படியே நின்றுவிட்டது. சமதளத்தில் மறுபடி ஓடியது. ஏன்?
— வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பேட்டரி காலியாகவில்லை, வோல்டேஜ் விழுந்தது. ஏற்றத்தில் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும்போது லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் தற்காலிகமாக இறங்கும். 36 வோல்ட் பேட்டரி பத்து செல்களைத் தொடராகக் கட்டியது. முழுச் சார்ஜில் 42 வோல்ட் இருக்கும், 30 அல்லது 31-க்கு வந்தால் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். பழைய பேட்டரியில் உள்ளே கரண்ட் ஓட்டத்துக்கு இருக்கும் தடை கூடியிருப்பதால், பாதிச் சார்ஜ் இருக்கும்போதே ஏற்றத்தில் இந்த எல்லையைத் தொட்டுவிடும். சமதளத்துக்கு வந்தால் வோல்டேஜ் மீண்டும் ஏறிக்கொள்ளும், வண்டி ஓடும். காட்டப்படும் சதவீதம் நிற்கும்போது அளந்த கணக்கு.

மல்லேஸ்வரம் மாதிரி ஏறி இறங்கும் தெருக்களில், போக வேண்டிய தூரத்துக்கு இரண்டு மடங்கு ரேஞ்ச் காட்டும் வண்டியை எடுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொள்வதும் உதவும். நின்று கிளம்புவதுதான் அதிக கரண்ட் குடிக்கும்.

மழையில் ஓட்டலாமா?
— வாசகர், பெல்லந்தூர், பெங்களூரு

தூறலில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் கூடாது. பின் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் மோட்டாருக்கு ஒயர் அச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது. தண்ணீர் அச்சு உயரத்தைத் தொட்டால் அந்த வழியாகவே புகும். பெல்லந்தூர் பக்கத்து மழையில் பள்ளம் எது, மேன்ஹோல் எது என்றும் தெரியாது. சின்னச் சக்கர வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஆளைத் தூக்கி முன்னால் போடும். ஈரத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து, இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அழுத்துங்கள்.

உணவு டெலிவரி செய்கிறேன். ஸ்கூட்டரை வைத்துக்கொள்வதா, தினவாடகை இ-பைக்குக்கு மாறுவதா?
— வாசகர், கோரமங்களா, பெங்களூரு

உங்கள் செலவை நீங்களே எழுதுங்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 103 ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் சுமார் 229 ரூபாய். ஆயில், டயர், பிரேக்குக்குக் கிலோமீட்டருக்கு 50 பைசா சேர்த்தால் 279. பேட்டரி மாற்றும் (தீர்ந்ததைக் கொடுத்து, சார்ஜ் ஆனதை எடுக்கும்) கட்டணம் உள்பட இ-பைக் வாடகை இதற்குக் கீழே வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு இன்னும் இ.எம்.ஐ. கட்டுகிறீர்கள் என்றால் அது நிற்காது, மறந்துவிடாதீர்கள். லீவு போட்ட நாளுக்கும் வாடகை ஓடுமா, டெபாசிட்டில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், பஞ்சர் யார் செலவு என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

அடுத்தது ஆர்டரின் தூரம். 3, 4 கிலோமீட்டர் ஆர்டர்களில் ஸ்கூட்டருக்கும் இ-பைக்குக்கும் ஓரிரண்டு நிமிட வித்தியாசம்தான், ஏனென்றால் கோரமங்களா நெரிசலில் ஸ்கூட்டரும் 25-ஐத் தாண்டுவது அரிது. இரவு பத்து மணிக்கு மேல் ரோடு காலியானதும், 7, 8 கிலோமீட்டர் ஆர்டர் வந்ததும் 25 கிலோமீட்டர் வேகம் உங்கள் வருமானத்தைத் தின்னத் தொடங்கும். சென்ற வார ஆர்டர்களை ஆப்பில் பார்த்து, 5 கிலோமீட்டருக்கு மேற்பட்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் ஸ்கூட்டரே மேல்.

பேட்டரி மாற்றும் நிலையம் நீங்கள் ஆர்டருக்காகக் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மாற்றுவது இரண்டு நிமிடம். அதற்காக இரண்டு கிலோமீட்டர் போய் வருவதுதான் நஷ்டம். இரவு எட்டு மணி நெரிசலில் முழுச் சார்ஜ் பேட்டரி தீர்ந்துபோவதும் உண்டு. ஏழு மணிக்கே மாற்றிவிடுங்கள், பாதி மிச்சம் இருந்தாலும்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வீட்டுக்குப் போய் சாம்பிள் எடுக்கும் ஊழியர்கள் 11 பேர். ஆளுக்கொரு வண்டி தராமல், பொதுவில் சில இ-சைக்கிள் வாங்கி வைக்கலாம் என்று எண்ணம். எத்தனை வாங்குவது? எப்படி வைத்துக்கொள்வது?
— நிர்வாகி, கோயம்புத்தூர்

உங்கள் வேலைக்கு இது நன்றாகப் பொருந்தும். வெறும் வயிற்றில் எடுக்கும் சாம்பிள் எல்லாம் காலை 6 முதல் 9-க்குள் முடிந்துவிடும். அதன் பிறகு வண்டிகள் சார்ஜ் ஏற நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

எண்ணிக்கையை ஆட்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எப்போது திரும்பினார் என்று எழுதுங்கள். ஒரே நேரத்தில் வெளியே இருந்தவர்களின் அதிகபட்ச எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். ஏழு பேர் வெளியே இருந்தால் எட்டு வண்டி. கூட்டிய அந்த ஒன்று பஞ்சருக்கு. எல்லாவற்றையும் ஒரே மாடலில் வாங்குங்கள். இதில் ஆசைக்கு இடம் கொடுத்து வகைக்கொன்று வாங்கினால் பின்னால் அவதி. காரணம் சார்ஜர். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட். செருகும் பின் (pin) இரண்டுக்கும் ஒரே மாதிரி இருந்துவிடுவது உண்டு. 48 வோல்ட் சார்ஜரை 36 வோல்ட் பேட்டரியில் மாற்றிச் செருகினால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தடுக்காத பட்சத்தில் தீப்பிடிக்கலாம். ஒரே மாடலாக இருந்தாலும் வண்டி, பேட்டரி, சார்ஜர் மூன்றிலும் ஒரே எண்ணைப் பெயிண்டால் எழுதுங்கள்.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 360 வாட் மணி. மிதித்துக்கொண்டே மோட்டார் உதவியும் எடுத்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட் மணி, அதாவது 30 கிலோமீட்டர் தாராளம். மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரில் மட்டுமே போனால் 18 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடலாம். 2 ஆம்பியர் சார்ஜரில் காலியிலிருந்து நிரம்ப ஐந்து முதல் ஆறு மணி நேரம். கரண்ட் செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. அரைமணி ஆறட்டும். பேட்டரி 45 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். சார்ஜ் போடும் இடம் மாடிப்படிக்குக் கீழேயும் வாசலை ஒட்டியும் இருக்கவே கூடாது. தீ வந்தால் வெளியேறும் வழி அதுதான். அட்டைப் பெட்டி, ஸ்பிரிட் பாட்டில் இல்லாத, சிமென்ட் தரை உள்ள இடம். ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ். இரவு பூட்டிவிட்டுப் போகும்போது எல்லா சுவிட்சும் அணைய வேண்டும். கீழே விழுந்து நசுங்கிய அல்லது உப்பிய பேட்டரியை அன்றைக்கே தனியே வெளியே எடுத்து வையுங்கள், ‘நாளைக்குப் பார்ப்போம்’ வேண்டாம்.

சாம்பிள் பெட்டியைக் கேரியரில் கட்டுங்கள், ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். ஹேண்டிலில் தொங்கும் எடை திருப்பத்தில் சக்கரத்தை இழுக்கும். கேரியர் தாங்கும் எடை அதிலேயே பொறித்திருக்கும். ஐஸ் பேக்கோடு சேர்த்துப் பெட்டியை எடைபோட்டுப் பாருங்கள். ரப்பர் கயிற்றின் நுனி ஸ்போக்ஸுக்குள் போகாமல் செருகிவிட வேண்டும்.

பல பேர் ஓட்டும் வண்டியில் முதலில் கெடுவது சீட் கிளாம்ப். ஒவ்வொருவரும் உயரத்தை மாற்றுவதால் அது தளர்ந்துபோகும். சீட் குழாயில் பெர்மனன்ட் மார்க்கரால் மூன்று கோடு போட்டு, குட்டை, நடுத்தரம், நெட்டை என்று வையுங்கள். குழாயில் ஏற்கெனவே பொறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேலே ஒருவரும் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்த இடத்தில் ஃப்ரேம் வெடிக்கும்.

வாரம் ஒரு நாள் ஒருவர் பொறுப்பு. டயரில் 45 பிஎஸ்ஐ காற்று, டயர் ஓரத்தில் போட்டிருக்கும் அளவுக்குள். செயினைத் துடைத்து எண்ணெய். பின் சக்கர அச்சு நட்டு இறுக்கமா என்று ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது. அதோடு கட்டாயமாக ஒரு சோதனை: பின் சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரைச் சுழலவிட்டு, வலது பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பிறகு இடது. தொட்ட நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். லீவருக்குள் இருக்கும் சென்சார் கெட்டுவிட்டால், நீங்கள் பிரேக் பிடிக்கப் பிடிக்க மோட்டார் எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குப் பிரேக் ‘கொஞ்சம் வீக்’ என்றுதான் தோன்றும். பிரேக் பேடை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பழுது அங்கே இல்லை. மிதிக்கும்போது மோட்டார் விட்டு விட்டு உதவுகிறது என்று யாராவது சொன்னால், பெடல் அச்சில் இருக்கும் காந்தத் தட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு: வண்டி எண், எடுத்தவர், கிலோமீட்டர், என்ன கோளாறு. ‘ஒன்றுமில்லை’ என்றாலும் எழுத வேண்டும். அப்போதுதான் கோளாறை யார் எழுதாமல் விட்டார் என்று தெரியும்.

வண்டி கழுவ ஈரத் துணி போதும். பிரஷர் வாஷ் கடைக்கு அனுப்பாதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்து அடிபட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

இ.எஸ்.ஐ. உங்களுக்கு உண்டு என்றால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலை விபத்தாகவே கருதுகிறார்கள். வழியில் சினிமாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ திரும்பியிருந்தால் அந்தத் தொடர்பை நிரூபிப்பது கடினம். வாடகை ஆப்பின் பயணப் பதிவில் நேரமும் தடமும் இருக்கும்; ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லாததால், நீங்கள் மோதி இன்னொருவருக்கு அடிபட்டால் செலவு உங்கள் கையிலிருந்து போகலாம்.

துப்பட்டா, சேலையோடு ஓட்டலாமா? ஹெல்மெட் கட்டாயமா?
— வாசகி, ஜெயநகர், பெங்களூரு

ஓட்டலாம். ஆனால் சின்னச் சக்கரம் தரைக்கு அருகில் இருப்பதால் துப்பட்டா முனை எட்டிவிடும். அதைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள், அல்லது பைக்குள் வைத்துவிடுங்கள். சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவம் சக்கரப் பக்கம் பறக்காமல் முழங்காலுக்கு அடியில் மடக்குங்கள். ஹெல்மெட் சட்டப்படி இந்த வகை வண்டிக்குக் கட்டாயம் இல்லை, தலைக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கி ஆபீஸ் பையோடு வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பையை ஒரு தோளில் மாட்டாமல் இரண்டு தோளிலும் மாட்டி, மார்புப் பட்டையைப் பூட்டுங்கள்.